ஆகஸ்ட் 15 சால்வை போதும் சாமி, இனி கொஞ்சம் பேசுவோம்

எங்கள் மறைமாவட்ட ஆயர் ஆண்டகை அவர்களுக்கும், செட்டிநாட்டுப் பங்குகளில் இருக்கும் சாமிமார்களுக்கும், மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும்,

தோத்திரம்.

நான் காரைக்குடிக்காரன். தரைக்குப் போடும் ஆத்தங்குடிக் கல் தயாரிக்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், இதற்கு நடுவில் பிராந்திய ராணுவத்தில் ஜவான். பங்கில் பாதிப்பேருக்கு இந்த மூன்றாவது விஷயம் தெரியாது. தெரிந்தவர்களும் "டோனி இருக்கிறாரே, அதுவா?" என்று கேட்பார்கள். அதேதான். அவருக்கு 2011இல் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி கொடுத்தார்கள். எனக்குக் கௌரவம் எல்லாம் கிடையாது, பயிற்சி மட்டும்தான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிழைப்புக்கு வேறு தொழில் இருக்கிறவனைச் சேர்த்து, பயிற்சி கொடுத்து, தேவை வரும்போது கூப்பிட்டுக்கொள்கிற படை இது. 1948இல் சட்டம் வந்தது; 1949 அக்டோபர் 9 அன்று தொடங்கி வைத்தவர் ராஜாஜி, அப்போது அவர் கவர்னர் ஜெனரல். 1962, 65, 71 சண்டைகளிலும் இந்த ஆட்கள் இருந்தார்கள், இலங்கைக்குப் போன அமைதிப்படையிலும் இருந்தார்கள். பேச்சுக்கு வருஷத்தில் ஒன்றிரண்டு மாதம் கேம்ப். காலாட்படை பட்டாலியனில் இருக்கிறவனுக்கு நடைமுறை வேறு. எம்பாடி உத்தரவு, அதாவது முழுநேரப் பணிக்குக் கூப்பிடுகிற உத்தரவு, வந்துவிட்டால் காஷ்மீரோ வடகிழக்கோ, மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் இருக்க வேண்டிவரும். ஒருவரிடம் வேலை பார்க்கிறவனை முதலாளி திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. சொந்தப் பட்டறைக்காரனுக்கு அதனால் என்ன பிரயோஜனம்? கல்லுக்கு ஆர்டர் கொடுத்தவர் புதுவீடு புகுவதற்கு நாள் குறித்துவிட்டு எனக்காகக் காத்திருப்பாரா? சரி, அது என் பாடு, அதை உங்களிடம் கொண்டுவரவில்லை.

நான் கொண்டுவருவது இதுதான். மாதாவின் விண்ணேற்புத் திருவிழாவும் சுதந்திர தினமும் ஒரே நாளில் வருவதால் ஆகஸ்ட் 15 பூசை முடிந்ததும் நம் கோவில்களில் கொடியேற்றுகிறோம், பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கிறோம், பங்கில் இருக்கும் பட்டாளத்துக்காரர்களை முன்னால் கூப்பிட்டுச் சால்வை போடுகிறோம். எனக்கும் போட்டிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் அந்தச் சால்வையைத் தவிர, துப்பாக்கி பிடிக்கிற கிறிஸ்தவனிடம் திருச்சபை சொல்ல வேண்டியது வேறு ஒன்றுமே இல்லையா? குடியைப் பற்றி மறையுரை கேட்டிருக்கிறேன், வரதட்சணையைப் பற்றிக் கேட்டிருக்கிறேன், செல்போனைப் பற்றிக் காது புளிக்கக் கேட்டிருக்கிறேன். ஒரு மனுஷனைச் சுடக் கற்றுக்கொண்டு வந்து ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மை (நற்கருணை) வாங்க வரிசையில் நிற்கிறவனைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்டதில்லை.

பயிற்சியில் கஷ்டம் ஓட்டமோ பி.டி.யோ இல்லை. நாற்பதை நெருங்குகிற உடம்புக்கு அது வலிக்கும், அப்புறம் பழகிவிடும். லங்கரில், அதாவது கேம்ப் சாப்பாட்டுக்கூடத்தில், ரொட்டியும் பருப்பும்கூடப் பழகிவிடும். பழகாதது ஃபயரிங் ரேஞ்ச். குப்புறப் படுத்து, துப்பாக்கிக் கட்டையைத் தோளில் அழுத்தி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை மெதுவாக இழுக்க வேண்டும். எதிரே நிற்பது எப்போதும் வட்டம் போட்ட பலகை இல்லை. மனுஷ உருவம் வரைந்த டார்கெட்டும் உண்டு, தலை, தோள், நெஞ்சு எல்லாம் இருக்கும். குண்டுகள் நெஞ்சுப் பக்கம் நெருக்கமாக விழுந்தால் குரூப்பிங் பிரமாதம் என்று பயிற்சி கொடுக்கிற உஸ்தாத் முதுகில் தட்டுவார். எனக்குக் குரூப்பிங் நன்றாக வரும். வரும்போது ஒரு சந்தோஷமும் வரும், கைத்தொழில் செய்கிறவனுக்கு எந்த வேலை சுத்தமாக முடிந்தாலும் வருகிற அதே சந்தோஷம், பட்டறையில் பூ வேலைப்பாடு ஒரு இழுக்குக்கூட இல்லாமல் வந்தால் வருமே, அதுதான். உருவத்தின் நெஞ்சில் குண்டு விழும்போதும் அதே சந்தோஷம் வருகிறது என்பதுதான் உறுத்துகிறது.

இப்படித் திரும்பத் திரும்பச் சுட வைப்பதற்குக் காரணம் உண்டு. நேரம் வரும்போது யோசனை குறுக்கே வராமல் விரல் வேலை செய்ய வேண்டும். இதை நான் குறை சொல்லவில்லை; நான் தயங்கினால் செத்துப்போவது பக்கத்தில் படுத்திருக்கிற மேலூர்க்காரனாக இருக்கலாம், அவனுக்கும் பிள்ளைகள் இருக்கின்றன. ஆனால் அங்கே போய் யோசிக்க முடியாது என்றால் யோசிக்க வேண்டியதை எல்லாம் அதற்கு முன்பே யோசித்து முடித்திருக்க வேண்டும் அல்லவா? யாரைச் சுடலாம், யாரைச் சுடக் கூடாது, கையைத் தூக்கிவிட்டவனை என்ன செய்வது, வீட்டுக்குள் இருக்கிற பொம்பளை பிள்ளைகளை என்ன செய்வது, கோபத்தில் இருக்கிற கம்பெனி முழுக்க ஒரு பக்கம் போகும்போது நான் எந்தப் பக்கம். சட்டத்தில் எது குற்றம் என்று கேம்ப்பில் சொல்லித் தருவார்கள். என் மனசாட்சியை உருவாக்குவது சுபேதாருடைய வேலை இல்லை. அது ஞானஸ்நானம் கொடுத்தவர்களுடைய வேலை.

ஒரு தடவை பாவசங்கீர்த்தனத் தொட்டியில், சாமியிடம் பாவத்தை அறிக்கையிடும் இடத்தில், இதை எடுத்தேன். எந்தப் பங்கு, எந்தச் சாமி என்பதெல்லாம் வேண்டாம், நல்ல மனுஷர். "அது உன் கடமைப்பா, பாவமெல்லாம் இல்லை" என்று சொல்லி ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். பின்னால் வரிசை நீளமாக நின்றது, அவரும் என்ன செய்வார். ஆனால் பாவமா இல்லையா என்று நான் கேட்கவே இல்லை. இந்தக் கடமையைக் கிறிஸ்தவனாக எப்படிச் செய்வது என்று கேட்டேன். இதே கேள்வியைப் பட்டாளத்துக்காரர்கள் யோர்தான் கரையில் ஸ்நாபக அருளப்பரிடம் (திருமுழுக்கு யோவான்) கேட்டிருக்கிறார்கள், லூக்கா மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. அவர் வேலையை விட்டுவிடு என்று சொல்லவில்லை, சால்வையும் போடவில்லை. யாரையும் மிரட்டிப் பணம் பறிக்காதே, பொய்க் குற்றம் சுமத்தாதே, சம்பளம் போதும் என்றிரு என்றார். ஆயுதம் கையில் இருக்கிறவன் எங்கே வழுக்குவான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இந்த வசனத்தை எடுத்துவைத்துக்கொண்டு இன்றைக்கு ஒரு செக்போஸ்ட்டில் நிற்கிற ஜவானுக்கு ஒரு மணி நேரம் பேசலாம், சாமி.

நன்மை வாங்குவதற்கு முன்னால் நாம் எல்லோரும் சொல்கிறோமே, ஆண்டவரே நீர் எழுந்தருளிவர நான் தகுதியற்றவன் என்று, அது யாருடைய வார்த்தை? ஒரு நூற்றுவர் தலைவன், வேலைக்காரனுக்கு உடம்பு சரியில்லை என்று கப்பர்நாகூமில் இயேசுவிடம் வந்த ரோமைப் பட்டாளத்துக்காரன் சொன்னது. உலகம் முழுக்க ஒவ்வொரு பூசையிலும் ஒரு சிப்பாயின் வாய்வார்த்தையைச் சொல்லித்தான் நன்மை வாங்குகிறோம். எந்த மறைக்கல்வி வகுப்பிலும் என் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தரவில்லை, நான்தான் சொன்னேன்.

இதற்கு எதிர்ப்பக்கமும் நம்மிடம் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லித்தர வேண்டும். கி.பி. 295இல் வட ஆப்பிரிக்காவில் தெபெஸ்தா என்ற ஊரில் மாக்சிமிலியன் என்ற இருபத்தொரு வயதுப் பையன், நான் கிறிஸ்தவன், பட்டாளத்தில் சேர மாட்டேன் என்று சொல்லித் தலையைக் கொடுத்தான், அவன் புனிதன். தூர்ஸ் நகர் மார்ட்டின் படையில் இருந்துவிட்டு, இனிமேல் சண்டை போட மாட்டேன் என்று விலகியவர், அவரும் புனிதர். நம் ஊர்ப்பக்கம் செபஸ்தியார் இல்லாத கோவில் உண்டா? ஜனவரி மாதம் அம்பு தைத்த உடம்போடு அவரைச் சப்பரத்தில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறோம், கொள்ளைநோய்க்கு வேண்டிக்கொள்கிறோம். அவர் ரோமைப் படையில் வேலை பார்த்தவர் என்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்? ஒரே திருச்சபை படையில் சேர மாட்டேன் என்றவனையும் சேர்ந்தவனையும் பீடத்தில் வைத்திருக்கிறது என்றால் இரண்டு பேரிடமும் ஏதோ ஒன்றை அது கண்டிருக்கிறது. அது என்ன என்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

ஓரியூருக்கு வருஷம் தவறாமல் போகிறோம். போர்ச்சுக்கல்லில் இருந்து வந்த சேசு சபைக் குரு அருளானந்தர் 1693 பிப்ரவரி 4ஆம் தேதி அந்த மண்ணில் வெட்டுப்பட்டார், மண் சிவந்தது, அந்தச் செம்மண்ணைப் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். அவரால் கிறிஸ்தவரான மறவர் தலைவர் தடியத்தேவர் ஒரு மனைவியோடு வாழ்வேன் என்று முடிவெடுத்ததும், விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் சேதுபதி குடும்பத்துப் பெண் என்பதும், அரசரின் கோபமும் எல்லாம் மறையுரையில் வரும். வராத ஆள் ஒருவன் இருக்கிறான், வாளை ஓங்கியவன். பயிற்சிக்குப் போக ஆரம்பித்த பிறகு ஓரியூரில் எனக்கு அவன் நினைப்புதான் அதிகம் வருகிறது. அவனுக்குச் சாமியார் மேல் என்ன பகை? உத்தரவு வந்தது, செய்தான். வேலை முடிந்து வீட்டுக்குப் போயிருப்பான், அவனுக்கும் பிள்ளை குட்டி இருந்திருக்கும். நான் அருளானந்தராக ஆகும் சந்தர்ப்பம் என் வாழ்க்கையில் வரப்போவதில்லை. அவனாக ஆகும் சந்தர்ப்பம் வரலாம். அப்படியானால் ஓரியூர்த் திருவிழாவில் எனக்கு உபயோகமான பிரசங்கம் எது?

ராணுவச் சட்டமேகூட சட்டத்துக்கு உட்பட்ட உத்தரவுக்குத்தான் கீழ்ப்படியச் சொல்கிறது, மீறினால் தண்டனை அதற்குத்தான். உத்தரவு கொடுக்கிறவர் தப்பே செய்ய மாட்டார் என்று சட்டத்துக்கே நம்பிக்கை இல்லை. பெரும்பாலான அதிகாரிகள் நல்லவர்கள், நான் பார்த்தவர்களில் சிலர் நம் பங்குப் பேரவை ஆட்களைவிடப் பொறுமைசாலிகள். (கோபித்துக்கொள்ள வேண்டாம்.) ஆனாலும் எது தப்பான உத்தரவு என்று பிரித்துப் பார்க்கிற கண்ணை ஜவானுக்கு யார் கொடுப்பது?

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கிறிஸ்தவனும் ராணுவமும் என்றாலே இப்போது அந்த வழக்கைத்தான் எடுக்கிறார்கள். ரெஜிமென்ட் கோவிலின் கருவறைக்குள் போய்ப் பூஜை செய்ய மாட்டேன் என்று சொன்ன ஒரு கிறிஸ்தவ அதிகாரியைப் பணிநீக்கம் செய்தார்கள், அது சரிதான் என்று 2025 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது, நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அவர் மனுவைத் தள்ளியது. எனக்கு அந்தச் சங்கடம் வந்ததில்லை. ஆரத்தி காட்டும்போது வரிசையில் நிற்பேன், எனக்குள் ஒரு பரலோக மந்திரம் சொல்லிக்கொள்வேன், என்னோடு நிற்கிற முத்துராமலிங்கமும் பாண்டியும் வேளாங்கண்ணிக்கு என்னோடு வந்தவர்கள்தான். அந்த அதிகாரியின் மனசாட்சியை எடைபோட எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒரு விஷயம் என்னை நிறுத்தியது: ஒரு போதகர் அவருக்குச் சொன்ன ஆலோசனையைப் பற்றி உச்ச நீதிமன்றத்தில் பேச்சு வந்திருக்கிறது. நாட்டின் பெரிய கோர்ட்டுக்கே ஒரு சிப்பாய்க்கு அவனுடைய மேய்ப்பர் என்ன சொன்னார் என்பது முக்கியமாகப்படுகிறது. எங்கள் மேய்ப்பர்கள் எங்களுக்கு என்ன சொல்லியிருக்கிறீர்கள்?

மேய்ப்பர் என்றதும் 2025 மே மாதம் ஞாபகம் வருகிறது. ஏப்ரல் 22 பஹல்காமில் இருபத்தாறு பேரைச் சுட்டுக் கொன்றார்கள், மே 7 அதிகாலை நம் படை பதிலடி கொடுத்தது. பிராந்திய ராணுவத்தைக் கூப்பிட்டுக்கொள்ளத் தரைப்படைத் தளபதிக்கு அதிகாரம் கொடுத்து மே 6 தேதியிட்ட உத்தரவு, முப்பத்திரண்டு காலாட்படை பட்டாலியன்களில் பதினான்கைக் களத்துக்கு எடுக்கலாம் என்று. அது செய்தியில் வந்ததும் என் மனைவி ஒன்றும் பேசவில்லை, பெட்டியை இறக்கி என் யூனிஃபார்மை எடுத்து வெயிலில் காயப்போட்டாள். எங்கள் அன்பியத்தின், அதாவது பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த ஜெபக் குழுவின், வாட்ஸப்பில் விமானப் படமும் வெடிக்கிற படமும் அல்லேலூயாவும் கலந்து வந்துகொண்டிருந்தன. 10ஆம் தேதி சண்டை நின்றது. மறுநாள் நல்ல ஆயன் ஞாயிறு. உரோமையில் அப்போதுதான் தேர்ந்தெடுக்கப்பட்ட லியோ பாப்பரசர் மாடத்தில் நின்று முதல் ஞாயிறு செய்தியிலேயே இனிப் போர் வேண்டாம் என்றும், இந்தியாவும் பாகிஸ்தானும் சண்டையை நிறுத்தியதில் மகிழ்ச்சி என்றும் சொன்னார். அவ்வளவு தூரத்தில் இருந்து அவருக்கு ஞாபகம் வந்தது. நான் இருந்த பூசையில் நம் வீரர்களின் வெற்றிக்காக ஒரு மன்றாட்டு வந்தது, அதோடு சரி.

வெற்றிக்கு வேண்டுங்கள், தப்பில்லை. உயிரோடு திரும்பி வர வேண்டும் என்றும் வேண்டுங்கள், என் மனைவி தினமும் அதைத்தான் வேண்டுகிறாள். கூடவே, இவர்கள் கையால் அநியாயச் சாவு எதுவும் நடக்கக் கூடாது என்றும் ஒரு வரி சேர்த்துக்கொண்டால் என்ன? இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்: 1965 சண்டையில் பாகிஸ்தான் விமானப்படையில் பறந்து அந்த நாட்டின் சிதாரா-இ-ஜுரத் என்ற வீரப்பதக்கம் வாங்கிய செசில் சவுத்ரி ஒரு கத்தோலிக்கர். பிற்காலத்தில் லாகூரில் பள்ளி முதல்வராக இருந்து சிறுபான்மையினர் உரிமைக்காக உழைத்தவர். அவருடைய கோவிலிலும் வெற்றிக்கு மன்றாட்டு வைத்திருப்பார்கள். நான் யார் பக்கம் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை, சத்தியப்பிரமாணம் எடுத்தவன். அந்தப் பக்கமும் ஒரு ஜெபமாலை இருக்கிறது என்று தெரிந்துகொண்டு படுத்திருக்கிறவன் தேவையில்லாத ஒரு குண்டைக் குறைவாகச் சுடுவான், அவ்வளவுதான்.

வீட்டில் மகன் செல்போனில் சுடுகிற விளையாட்டு விளையாடுகிறான், செத்தவன் உடனே எழுந்து வந்துவிடுகிறான். துப்பாக்கியோடு போட்டோ அனுப்புங்கப்பா, ஸ்டேட்டஸ் வைக்கணும் என்று கேம்ப்புக்குப் போகும்போதெல்லாம் கேட்பான், நான் அனுப்புவதில்லை. மகள் பெரியவள், ஏழாவது படிக்கிறாள், அவள் கேள்வி வேறு. மறைக்கல்வி வகுப்பில் பத்துக் கட்டளை ஒப்பித்துவிட்டு வந்த அன்று ராத்திரி சாப்பிடும்போது, "கொலை செய்யாதேன்னு ஐந்தாம் கட்டளை இருக்கே, அப்ப நீங்க எதுக்குப்பா சுடக் கத்துக்கிறீங்க?" என்றாள். யாரும் நம் வீட்டுக்குள் வந்து உங்களைக் கொல்லாமல் இருக்க என்றேன். "கொல்ல வர்றவங்களுக்கும் அவங்க அப்பா இதையேதானே சொல்லியிருப்பாங்க?" அம்மா அவளை அதட்டிச் சாப்பிடச் சொன்னாள். டீச்சரிடம் கேள் என்று நான் சொல்லியிருக்கலாம், ஆனால் டீச்சருக்கு யார் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்?

பதில் நம்மிடம் இல்லாமல் இல்லை. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ‘இன்றைய உலகில் திருச்சபை’ ஏட்டின் 79ஆம் பத்தியில், நாட்டுக்காகப் படையில் இருக்கிறவர்கள் மக்களின் பாதுகாப்புக்கும் சுதந்திரத்துக்கும் பணி செய்கிறவர்கள் என்று சொல்கிறது. அதே பத்தியில், மனசாட்சியால் ஆயுதம் எடுக்க மறுக்கிறவர்களை அரசாங்கம் மனிதத்தன்மையோடு நடத்த வேண்டும் என்றும் சொல்கிறது. கத்தோலிக்க மறைக்கல்வி ஏட்டில் 2309ஆம் எண்ணில் எப்போது ஆயுதத்தால் தற்காத்துக்கொள்ளலாம் என்பதற்கான நிபந்தனைகள், 2313இல் சண்டையிடாத மக்களையும் காயம்பட்ட வீரனையும் கைதியையும் எப்படி நடத்த வேண்டும் என்பது. பிரான்சிஸ் பாப்பரசர் 2020இல் ‘ஃப்ரத்தெல்லி தூத்தி’யில் ஒருபடி மேலே போய், பழைய காலத்து நியாயமான போர் என்ற கணக்கை இன்றைய ஆயுதங்களுக்குப் பொருத்துவது ரொம்பக் கஷ்டம் என்று எழுதினார். இதெல்லாம் நானே ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தது. குருமடத்தில் வருஷக்கணக்கில் படித்த உங்களுக்கு இது மனப்பாடமாக இருக்கும். மேசை டிராயரிலேயே வைத்திருந்தால் எங்களுக்கு எப்படிக் கிடைக்கும்?

நம் பக்கம் பட்டாளத்துக்குப் பஞ்சமே இல்லை. மருதிருவரின் சீமை, சருகணிக் கோவில் தேரே அவர்கள் கொடுத்தது என்று இன்றும் சொல்வார்கள். சிவகங்கை பக்கம் இலுப்பக்குடியில் இந்தோ திபெத் எல்லைப் படையின் பயிற்சி மையம் இருக்கிறது. காலையில் முதல் பூசைக்கு வரும்போது பள்ளிக்கூட மைதானத்தைப் பாருங்கள், அக்னிவீர் தேர்வுக்கு நம் பையன்கள் ஆயிரத்து அறுநூறு மீட்டர் ஓடிக்கொண்டிருப்பார்கள், கையில் ஸ்டாப்வாட்சோடு அண்ணன் ஒருத்தன் நிற்பான். 2022இல் திட்டம் வந்தபோது நாலு வருஷம்தானா என்று கோபப்பட்ட அதே வீடுகளில் இருந்துதான் ஓட வருகிறார்கள், வேறு வேலை எங்கே இருக்கிறது. போன மாதம் வரைக்கும் பீடத்தில் பூசைக்கு உதவி செய்த பையன் அடுத்த வருஷம் எல்லையில் நிற்பான். அவனை அனுப்பி வைக்கும்போது தலையில் கைவைத்து ஆசீர்வாதம் கொடுப்பீர்கள், கழுத்தில் உத்தரியம் போடுவீர்கள். அதற்கு முன்னால் ஒரு பகல் அவனோடு உட்கார்ந்து, நான் மேலே எழுதின கேள்விகளை அவனே கேட்கும்படி செய்யுங்கள். சேர வேண்டாம் என்று அவன் முடிவெடுத்தால் அதுவும் சரி, கோழை என்று யாரும் சொல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சேர்ந்தால் தெரிந்து சேரட்டும்.

தனிப் பணிக்குழு, பேனர், குத்துவிளக்கு எதுவும் வேண்டாம். ஒரு ஞாயிறு இரண்டாம் பூசைக்கு அப்புறம் மறைக்கல்வி வகுப்பறை ஒன்றைத் திறந்துவிட்டால் போதும். ராணுவம், எல்லைப் படை, போலீஸ், என்னைப் போல் பாதிநேரச் சிப்பாய், அவர்களுடைய மனைவிமார், ஓடப்போகிற பையன்கள், யார் யார் இருக்கிறார்கள் என்று அன்பியம் வாரியாக நான் எழுதி வைத்திருக்கிறேன். பிள்ளைகளையும் வரவிடுங்கள், என் மகள் கட்டாயம் வருவாள், அவளிடம் கேள்வி தயாராக இருக்கிறது. நாற்காலி, டீ, வடை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். எந்த ஞாயிறு என்று மட்டும் அறிவிப்பில் சொல்லுங்கள், கேம்ப் உத்தரவு வருவதற்குள் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் பங்குக்காரன்,
காரைக்குடி